பதினோரு லட்சம் இருந்தால் நல்லதுதானே?

மழைக்காலம் வந்துவிட்டால் ரங்கூனில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "ப்ளேட்லெட் எவ்வளவு இருக்கு?" ஜூன் பிறந்ததும் டெங்கு தலைகாட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மொகல் தெருவில் பருப்பு விற்பவருக்குக்கூட ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும், இருபதாயிரத்துக்குக் கீழே போனால் பயப்பட வேண்டும் என்பது தெரியும். பப்பாளி இலை எந்தச் சந்தில் கிடைக்கும் என்பதும் தெரியும். இப்படிக் குறைவையே பார்த்துப் பழகிய ஊரில்தான், சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, அண்ணனுக்கு ப்ளேட்லெட் பதினோரு லட்சமாம். நல்லதுதானே? டெங்கு கிட்டயே வராதுல்ல?"

பர்மியர்கள் லட்சத்தைத் 'தெய்ன்' என்பார்கள். இங்கே பணத்தையும் அதில்தான் எண்ணுகிறோம். "பதினோரு தெய்ன்" என்று காதில் விழுந்தால் யாருக்கும் சந்தோஷம்தான் வரும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, மெஷின் மேல் சந்தேகம்.

எண்ணும் மெஷினுக்குத் தட்டணு, அதாவது ப்ளேட்லெட், எது என்று தெரியாது. சிறிதாக எது கடந்து போனாலும் அதைத் தட்டணு என்று கணக்கில் எழுதிவிடும். தாலசீமியா இருப்பவரின் உடைந்த சிவப்பணுத் துண்டுகளையும் அப்படியே எண்ணும். பர்மாவில் தாலசீமியாவும் ஹீமோகுளோபின்-ஈ கோளாறும் சர்வசாதாரணம் என்பதால், எண்ணிக்கை எகிறினால் முதலில் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்துக் கண்ணால் பார்ப்பது எங்கள் வழக்கம். பார்த்தேன். தட்டணுக்கள்தான். எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் மொய்த்துக்கிடந்தன. சில சிவப்பணு அளவுக்கே பெரிதாக இருந்தன.

எண்ணிக்கை கூடியதுமே புற்றுநோய் என்று சொல்லிவிடவும் கூடாது. இரும்புச் சத்து குறைந்தால் தட்டணு கூடும். காசநோய் மாதிரி நீண்ட நாள் தொற்று இருந்தால் கூடும். மண்ணீரலை எடுத்துவிட்டாலும் கூடும். இந்த மூன்றும் இங்கே மலிவு. அண்ணனுக்கு மூன்றும் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்திருப்பார். பாதம் சிவந்து நெருப்பாய் எரியும் என்பார். சர்க்கரை நோயாக இருக்கும் என்றும், வெயில் சூடு என்றும் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அளவுக்கு மீறிய தட்டணுக்கள் சின்னஞ்சிறு நாளங்களில் ஒட்டிக்கொள்வதால் வரும் எரிச்சல் அது என்று எனக்கே அப்போது தோன்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இடுப்பெலும்பின் பின்மேட்டில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அதில் டாக்டர்கள் தேடியது தட்டணுவை இல்லை, தட்டணுவைப் பெறும் தாயை.

தட்டணு என்பது முழு செல் இல்லை. அதற்குக் கரு கிடையாது. ஒரு பெரிய செல்லிலிருந்து உதிர்ந்த துணுக்கு அது. ஏழிலிருந்து பத்து நாள் ரத்தத்தில் சுற்றிவிட்டு மடியும். அதை ஈடுகட்ட உடம்பு தினமும் ஏறக்குறைய 10,000 கோடி புதிய தட்டணுக்களை உண்டாக்குகிறது. இத்தாலியரான ஜூலியோ பிட்ஸோஸெரோ 1882இல் தட்டணுவைத் தெளிவாக விவரித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பதை பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906இல்தான் சொன்னார். மஜ்ஜையில் இருக்கும் மெகாகாரியோசைட் என்ற பெரிய செல்லுக்குள் காணும் மணிகளும் தட்டணுவுக்குள் காணும் மணிகளும் ஒரே நிறத்தில் சாயம் ஏறுவதை வைத்துக் கண்டுபிடித்தார். அவர் பெயரிலான சாயத்தை உலகம் முழுக்க லேபுகளில் இன்றும் சில்லின்மேல் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மெகாகாரியோசைட் என்றால் கிரேக்கத்தில் பெருங்கரு செல் என்று பொருள். மஜ்ஜையில் சில ஆயிரம் செல்லுக்கு ஒன்றுதான் இருக்கும். ஆனால் ஒன்று கண்ணில் பட்டால் தப்பாது. சிவப்பணுவைக் கொண்டைக்கடலை என்று வைத்துக்கொண்டால் இது ஒரு மாதுளம்பழம். மற்ற செல்கள் டிஎன்ஏவை இரட்டிப்பாக்கியதும் இரண்டாகப் பிரியும். இது இரட்டிப்பாக்கும், ஆனால் பிரியாது. மறுபடி இரட்டிப்பாக்கும். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று போய்ச் சில செல்களில் 64 மடங்கு வரை ஏறும். கரு பல மடல்களாக மடிந்து புடைக்கும். செல்லும் கூடவே ஊதும்.

அப்புறம் நடப்பதை எங்கள் வீட்டு இடியாப்ப உரலை வைத்துத்தான் விளக்குவேன். மஜ்ஜைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாயின் சுவரை ஒட்டி இந்தச் செல் உட்கார்ந்துகொள்கிறது. சுவரின் இடுக்கு வழியாகத் தன் உடம்பை நூல்நூலாக உள்ளே பிழிந்துவிடுகிறது. நூல் நெடுக மணி கோத்த மாதிரி புடைப்புகள். ஓடும் ரத்தம் இழுக்கிற இழுப்பில் அவை அறுந்து தட்டணுக்களாகின்றன. ஒரு செல் ஆயிரக்கணக்கில் இப்படி உதிர்த்துவிட்டு, கடைசியில் வெறும் கருவாக மிஞ்சிச் சாகும். சில செல்கள் முழுசாகவே ரத்தத்தோடு நழுவி நுரையீரலுக்குப் போய் அங்கே பிழிகின்றன. எலிகளில் ஏறக்குறைய பாதித் தட்டணுக்கள் நுரையீரலில்தான் உண்டாகின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு வெளியானபோது எங்கள் தொழிலில் இருப்பவர்களே வாயைப் பிளந்தோம்.

எவ்வளவு பிழிய வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே அளவு சோறு வடிக்கிறார்கள். பந்தியில் ஆள் அதிகம் என்றால் பாத்திரம் வழித்துத்தான் திரும்பும். ஆள் குறைவென்றால் மிச்சச் சோறு உள்ளே வரும். கல்லீரல் வடிக்கும் சோறுதான் த்ரோம்போபொயட்டின் என்கிற ஹார்மோன். தட்டணுக்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. மிச்சமாகி மஜ்ஜைக்கு வந்து சேருவது எவ்வளவோ, அவ்வளவுக்கு மெகாகாரியோசைட்டுகள் பெருகும். அந்த ஹார்மோன் வந்து அழுத்தும் அழைப்பு மணிக்கு எம்பிஎல் என்று பெயர். மணி அடித்ததை உள்ளே கருவுக்குக் கொண்டுபோகிற கம்பி ஜாக்2 என்னும் நொதி.

மணியிலோ கம்பியிலோ கோளாறு என்றால் என்ன ஆகும்? ஹார்மோன் வராமலே மணி ஓயாமல் அடிக்கும். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்களில் ஒரு குடும்பத்துக்கே அடிப்படை இதுதான். தட்டணு மட்டும் முந்திக்கொண்டு பெருகினால் எசென்ஷியல் த்ரோம்போசைத்தீமியா. சிவப்பணுவும் சேர்ந்து பெருகி ரத்தம் குழம்பாக ஆனால் பாலிசைத்தீமியா வெரா. மஜ்ஜை நாராக இறுகினால் மைலோஃபைப்ரோசிஸ். இவற்றோடு நாள்பட்ட மைலாய்டு லுகீமியாவையும் சேர்த்து, எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று ரத்தநோய் மருத்துவரான வில்லியம் டேமஷெக் 1951இல் சொன்னார். மரபணுவைப் படிக்க வழியே இல்லாத காலத்தில், நோயாளிகளை உற்றுப் பார்த்தே சொன்னது அது. சான்று கிடைக்க 54 வருடம் ஆயிற்று. 2005இல் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா என நான்கு இடங்களில் தனித்தனியாக ஒரே மரபணுப் பிறழ்வைக் கண்டார்கள். ஜாக்2 புரதத்தின் 617ஆவது இடத்தில், வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஃபினைல்அலனின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் மாற்றம். பாலிசைத்தீமியா நோயாளிகளில் நூற்றுக்கு 95 பேருக்கு அது இருக்கிறது. மற்ற இரண்டிலும் பாதிக்குச் சற்று மேல். அடுத்த வருடமே மணியிலேயே, அதாவது எம்பிஎல்லிலேயே, பிறழ்வு உள்ள ஒரு சிறு கூட்டமும் தெரியவந்தது.

மிச்சப் பேரில் பெரும்பாலோருக்கு என்ன காரணம் என்பது 2013இல் தெரிந்தபோது, அது யாரும் எதிர்பாராத ஆசாமியாக இருந்தது. கால்ரெட்டிகுலின். செல்லுக்குள் புதுப் புரதங்கள் மடிந்து உருவாகும் பட்டறையில் அது ஒரு மேஸ்திரி. மேஸ்திரி என்ற சொல் பர்மாத் தமிழருக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. ஊரில் ஆள் பிடித்து, கப்பலேற்றி, நெல்வயலிலும் ஆலையிலும் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். ஆளைச் சேர்த்துவிட்டு அவர் ஊர் திரும்புவார். கால்ரெட்டிகுலினுக்கும் அப்படி ஒரு திரும்பு சீட்டு உண்டு. புரதத்தின் வால் நுனியில் இருக்கும் நான்கு அமினோ அமிலங்கள் அவை. பிறழ்வில் அந்த வாலே வேறாகிப் போய், சீட்டு தொலைந்துவிடுகிறது. புதிய வாலோடு மேஸ்திரி எம்பிஎல்லின் தோளைப் பிடித்துக்கொண்டு, அதனுடனேயே செல்லின் வாசலுக்கு வந்துவிடுகிறார். வந்தவர் மணியில் கை வைத்தபடியே நிற்கிறார். எம்பிஎல் அதிகம் இருப்பது மெகாகாரியோசைட்டில் என்பதால், இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்குச் சிவப்பணு ஏறாமல் தட்டணுதான் ஏறும். அண்ணனுக்கு இருந்தது இதுதான். இங்கே அந்தச் சோதனைக்கு வழி கிடைக்காமல் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பித்தான் தெரிந்துகொண்டோம்.

பிறழ்வின் பெயர் தெரிந்தால் நோயின் பெயர் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஜாக்2 பிறழ்வு ஒன்றே மூன்று நோயிலும் வரும். பிரித்துச் சொல்ல இன்றைக்கும் மெகாகாரியோசைட்டின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

த்ரோம்போசைத்தீமியாவில் அவை ராட்சச உருவில் இருக்கும். கரு மான்கொம்பு மாதிரி கிளைகிளையாக விரிந்திருக்கும். பார்க்க அழகாகவே இருக்கும், நோய் என்று சொல்ல மனம் வராது. ஒன்றுக்கொன்று இடம்விட்டு உட்கார்ந்திருக்கும். பாலிசைத்தீமியாவில் சிறியதும் பெரியதும் கலந்துகட்டி, சுற்றிலும் மற்றச் செல்களின் நெரிசலோடு இருக்கும். மைலோஃபைப்ரோசிஸில் அழகு போய்விடும். கரு மேகத் திட்டுப் போல உருண்டு, கருத்த சாயமேறி, மடல் பிரியாமல் கிடக்கும். ஒன்றோடொன்று நெருக்கியடித்துக் கும்பல் கும்பலாக நிற்கும். முதிர வேண்டிய பருவத்தில் முதிராமல் நின்றுபோன செல்கள் அவை. முதிர்ச்சிக்குத் தேவையான கேட்டா1 என்ற புரதம் அவற்றில் குறைந்திருக்கும். மைலாய்டு லுகீமியாவிலோ கதையே தலைகீழ். அங்கே பிழை வேறு, 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது. மெகாகாரியோசைட்டுகள் குள்ளமாக, மடலில்லாத ஒற்றைக் கருவோடு இருக்கும். அப்படி இருந்தும் தட்டணுவைக் கொட்டித் தள்ளும். உருவத்துக்கும் உழைப்புக்கும் சம்பந்தமில்லை.

இந்த முகம் பார்ப்பது வெறும் பெயர் வைக்கிற வேலை இல்லை. நார் கட்டுவதற்கு முந்தைய நிலையில் மைலோஃபைப்ரோசிஸும் த்ரோம்போசைத்தீமியா போலவே வேஷம் போடும். தட்டணு மட்டும் கூடியிருக்கும், மற்றதெல்லாம் சரியாகத் தோன்றும். த்ரோம்போசைத்தீமியா என்று முன்பு எழுதிவைத்த 1,000க்கும் மேற்பட்டவர்களின் மஜ்ஜைச் சில்லுகளை மறுபடி எடுத்துப் பார்த்து 2011இல் ஒரு பன்னாட்டுக் குழு கணக்கு வெளியிட்டது. ஆறில் ஒருவருக்கு உண்மையில் இருந்தது நார் கட்டப்போகும் நோய். 15 வருடம் உயிரோடிருந்தவர்கள் அசல் த்ரோம்போசைத்தீமியாவில் 80 சதவீதம், மற்றதில் 59. இரண்டு கூட்டத்தையும் பிரித்தது மைக்ராஸ்கோப்பில் தெரிந்த கருவின் வடிவமும் கும்பலும்தான். இதில் நிபுணர்களே ஒருவருக்கொருவர் முரண்படுவதும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மான்கொம்பா மேகமா என்று ஒரே செல்லைப் பார்த்து இருவர் சண்டை போட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நார் எங்கிருந்து வருகிறது? மெகாகாரியோசைட்டின் வயிற்றுக்குள் இருக்கும், சாயமேறும் அந்தச் சிறுமணிகளில் காயம் ஆற்றும் சரக்கு நிறைந்திருக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் பலவற்றோடு, முக்கியமாக டிஜிஎஃப்-பீட்டா. தட்டணுக்குள் பொட்டலம் கட்டி, அடிபட்ட இடத்தில் போய் அவிழ்க்க வேண்டிய சரக்கு அது. முதிராத, சாகும் தறுவாயில் இருக்கும் செல் அந்தப் பொட்டலத்தை மஜ்ஜைக்குள்ளேயே கொட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெள்ளணுக்கள் இந்தச் செல்லின் உடம்புக்குள் புகுந்து உலாவுவதைச் சில்லிலேயே பார்க்கலாம். நல்ல உடம்பிலும் எப்போதாவது நடப்பதுதான். மைலோஃபைப்ரோசிஸில் அது மிகுந்து, சரக்கு கசிவதும் மிகுகிறது. சுற்றியிருக்கும் தாங்கு செல்கள் "எங்கோ காயம்" என்று எண்ணிக்கொண்டு நார் நெய்யத் தொடங்குகின்றன. நெய்கிற தாங்கு செல்களிடம் பிறழ்வு கிடையாது, அவை நல்லவை. ஏவிவிடுவது மட்டுமே புற்றுச் செல்.

நல்ல காலத்தில் மெகாகாரியோசைட் தட்டணு பிழிவதோடு நிற்பதில்லை. பக்கத்தில் உறங்கும் ரத்தத் தாய்செல்களை (ஸ்டெம் செல்களை) எழுப்பாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரனும் அதுதான் என்று 2014இல் எலிகளில் காட்டினார்கள். காவல்காரனை எடுத்துவிட்டால் தாய்செல்கள் விழித்துக்கொண்டு பெருகுகின்றன. 2019இல் வந்த இன்னொரு எலி ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போயிற்று. ஜாக்2 பிறழ்வை மெகாகாரியோசைட்டுக்குள் மட்டும் வைத்தார்கள். பிறழ்வில்லாத சிவப்பணு வம்சமும் சேர்ந்து பெருகியது, மண்ணீரல் வீங்கியது, மஜ்ஜையில் நார் வந்தது. எலியை மனிதன் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் இந்தச் செல்லை வெறும் தட்டணுத் தொழிற்சாலை என்று எண்ணி, எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது நம் தவறு என்றுதான் எனக்குப் படுகிறது.

எண்ணிக்கை ஏமாற்றும் இன்னொரு இடமும் உண்டு. தட்டணு பத்து லட்சத்தைத் தாண்டினால் ரத்தம் உறைந்து அடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடைக்கவும் செய்யும். ஆனால் அதே ஆளுக்கு ஈறில் ரத்தமும் கசியலாம். தட்டணுவைக் காயத்தில் ஒட்டவைக்கும் பசையான வான் வில்லிபிராண்ட் புரதத்தை, மிதமிஞ்சிய தட்டணுக் கூட்டமே தன் மேல் ஒட்டிக்கொண்டு தீர்த்துவிடும். அதனால்தான் அண்ணனுக்கு ஆஸ்பிரின் கொடுக்குமுன் டாக்டர் அந்தப் பசையின் அளவைச் சோதித்தார். சரியாக இருந்தது. குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கியதும் இரண்டே நாளில் வாளி உள்ளே போய்விட்டது. நடுவில் பொட்டாசியம் ஆறைத் தாண்டியதாக ஒரு ரிப்போர்ட் வந்து வீடே கலங்கியது. சோதனைக் குழாயில் ரத்தம் உறையும்போது, அத்தனை தட்டணுக்களும் தம்மிடமிருந்த பொட்டாசியத்தைக் கக்கிவிட்டிருந்தன. உறையாத ரத்தத்தில் அளந்தால் சரியான அளவுதான்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. ஹைட்ராக்ஸியூரியா எல்லாச் செல்லின் பெருக்கத்தையும் அமுக்கும். விலையும் குறைவு. அனாக்ரெலைடு மெகாகாரியோசைட் முதிர்ந்து பெருப்பதைக் குறிவைத்துத் தடுக்கும். தட்டணு ஒட்டாமலிருக்க ஒரு மருந்து தேடப்போய், எண்ணிக்கை குறைவதைப் பார்த்துத் திசை மாறிய மருந்து அது. இன்டர்ஃபெரான் பிறழ்ந்த தாய்செல் வரைக்கும் எட்டும் என்கிறார்கள். மைலாய்டு லுகீமியாவுக்கு 2001இல் வந்த இமாட்டினிப் ஆளையே பிழைக்கவைத்த மருந்து, இந்தியத் தயாரிப்பாக இங்கேயும் கிடைக்கிறது. மைலோஃபைப்ரோசிஸுக்கு 2011இல் வந்த ருக்சோலிட்டினிப் ஜாக் கம்பியைத் துண்டிக்கும். மண்ணீரல் சுருங்கும், வேர்வையும் அசதியும் குறையும். ஆனால் நல்ல மெகாகாரியோசைட்டுக்கும் அதே கம்பிதான் என்பதால் தட்டணுவும் சேர்ந்து இறங்கும். முதிராத மெகாகாரியோசைட்டை முதிரச் செய்து அடக்கிவிடலாம் என்று அலிசெர்டிப் என்ற மருந்தைச் சிலரிடம் சோதித்துப் பார்த்ததில், சிலருக்குக் கேட்டா1 திரும்பவும் கூடியது, நார் குறைந்தது. அது இன்னும் சோதனை அளவிலேயே நிற்கிறது.

அண்ணன் ஹைட்ராக்ஸியூரியாவில் நாலு லட்சத்தோடு பல வருடம் நிம்மதியாக இருந்தார். பிறகு எண்ணிக்கை தானாக இறங்கத் தொடங்கியது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். நிறுத்திய பிறகும் இறங்கி, ஒன்றே முக்கால் லட்சத்தில் வந்து நின்றது. அக்கா காளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, சர்க்கரைப் பொங்கலும் ரிப்போர்ட்டுமாக வந்தார்.

"மருந்தே இல்லாம நார்மலாயிடுச்சு தம்பி."

பொங்கலை வாங்கிக்கொண்டு கேட்டேன், "அண்ணன் எப்படிச் சாப்பிடறாரு?"

"ரெண்டு கவளத்துலயே வயிறு ரொம்பிடுதுங்கறாரு. கைலி முடிச்சுகூட இறுக்குதாம்."

மறுநாள் அண்ணனின் ரத்தத்தைச் சில்லில் தேய்த்தேன். சிவப்பணுக்களில் பல, கண்ணீர்த் துளி மாதிரி ஒரு பக்கம் வால் இழுத்திருந்தன. நார் காட்டுக்குள் நெருக்கிப் பிழிந்து வெளியே வந்த அடையாளம். ரத்தத்தில் இருக்கக் கூடாத கருவுள்ள சிவப்பணுக்களும் இரண்டொன்று தெரிந்தன. மஜ்ஜையில் இடமில்லாமல், ரத்தம் உண்டாக்கும் வேலையில் ஒரு பங்கு மண்ணீரலுக்குக் குடிபோயிருந்தது. வீங்கிய மண்ணீரல் வயிற்றை அழுத்தியது, தட்டணுக்களையும் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டது. மாத்திரை இல்லாமலே எண்ணிக்கை இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

"ஏறினாலும் கெட்டது, இறங்கினாலும் கெட்டதா?" என்று அக்கா கேட்டபோது எனக்குக் கோபம்கூட வந்தது, யார் மேல் என்று தெரியாமல். மாத்திரை இறக்கியது நல்ல இறக்கம், மாத்திரை இல்லாமல் இறங்கியது வேறு இறக்கம் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். இந்த முறை இடுப்பெலும்பில் ஊசி போட்டு எவ்வளவு உறிஞ்சியும் ஒரு சொட்டு வரவில்லை. தேங்காய் மட்டையை உறிஞ்சியது மாதிரி. எலும்புத் துண்டாக வெட்டியெடுத்து வெள்ளிச் சாயம் ஏற்றியதில், கறுப்பு நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடந்தன. அவற்றுக்கு நடுவே கும்பல் கும்பலாக மேகக் கருக்கள். முதல் தடவை எடுத்த பழைய சில்லை டாக்டரம்மா தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு மூலையில் அப்போதே நான்கைந்து செல்கள் நெருக்கியடித்து நின்றிருந்தன.

ருக்சோலிட்டினிப் தொடங்கி மூன்று மாதத்தில் அண்ணனுக்குக் கைலி முடிச்சு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொகிங்காவை முழுக் கிண்ணம் சாப்பிடுகிறார். ஒரு வருடம் கழித்து எடுத்த எலும்புத் துண்டில் நூல்கள் அப்படியேதான் இருந்தன.